சின்னப்பர் கற்ற பாடமும் நமது வீட்டுக் கணக்கும்

(குடும்பமாய்க் கூடி வாசிக்க: பிலிப்பியர் நிருபம் 4-ம் அதிகாரம், 10 முதல் 20 வரை, லூக்காஸ் சுவிசேஷம் 2-ம் அதிகாரம், 22 முதல் 24 வரை.)



போதும் என்ற மனதைப் பற்றிய பழமொழியை அறியாதவர் நம்மில் யாருமில்லை. பள்ளிக்கூடத்தில் படித்தோம், பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் மாதத்தின் முதல் வாரம் வந்து, மளிகைக் கடைப் பாக்கி, பள்ளிக்கூடக் கட்டணம், கரண்டு பில், சீட்டுப் பணம், வட்டி என்று ஒன்றன்பின் ஒன்றாய் வாசலில் நிற்கும்போது, அந்தப் பழமொழி எங்கே போய் ஒளிந்து கொள்கிறதென்று தெரிவதில்லை. பழமொழியின் பேரில் குற்றமில்லை. அந்த மனம் நல்லது என்று அது சொல்லுகிறதேயன்றி, அதை எப்படிச் சம்பாதிப்பது என்று சொல்லவில்லை. அதைச் சொன்னவர், இப்போது நாம் பவுல் என்று அழைக்கும் அப்போஸ்தலரான அர்ச். சின்னப்பர்.

அவர் அதை எங்கிருந்து சொன்னார் என்று கவனியுங்கள். அவர் அப்போது காவலில் இருந்தார். கூடாரம் செய்யும் தொழிலால் தம் கைகளாலேயே பிழைத்து வந்த மனிதர், அந்தத் தொழிலும் செய்ய வழியின்றிக் கட்டுண்டு கிடந்தார். பிலிப்பி பட்டணத்துக் கிறிஸ்தவர்கள் இதைக் கேள்விப்பட்டு, எப்பாப்பிரோதித்து என்பவர் கையில் உதவி அனுப்பி வைத்தார்கள். அந்த மனிதர் நோய்வாய்ப்பட்டுச் சாகக் கிடந்து பிழைத்தார். அவரைத் திருப்பி அனுப்பும்போது சின்னப்பர் எழுதிய நிருபம்தான் பிலிப்பியர் நிருபம். நமது பாஷையில் சொன்னால், அதன் கடைசி அதிகாரம் பணம் வந்து சேர்ந்தது என்று எழுதிய ரசீது! அந்த ரசீதுக்குள்தான், தமக்கு எந்த நிலைமையிலும் மனநிறைவோடிருக்கத் தெரியும் என்று அவர் எழுதுகிறார்.

அவர் உபயோகித்த வார்த்தையைப் பாருங்கள். மனநிறைவோடு பிறந்தேன் என்றோ, ஜெபித்த மாத்திரத்தில் அது வானத்திலிருந்து இறங்கியது என்றோ அவர் சொல்லவில்லை. அதைக் கற்றுக் கொண்டேன் என்கிறார். கற்றுக் கொண்டவன் ஒரு காலத்தில் தெரியாதவனாய் இருந்தவன்தானே? ஆகையால், "எனக்கு அந்த மனம் வாய்க்கவில்லையே" என்று வருந்துகிற தாயே, தகப்பனே, நீங்கள் தள்ளப்பட்டவர்களல்ல; பாடம் இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான். பசியாயிருக்க மட்டுமல்ல, நிறைவாயிருக்கவும் கற்றுக் கொண்டேன் என்று அவர் சேர்த்துச் சொல்வதும் யோசிக்கத் தக்கது. குறைவாயிருக்கும்போது முறுமுறுக்காமலிருக்க ஒரு பயிற்சி வேண்டியதுபோல, கையில் நாலு காசு புரளும்போது தலைகால் தெரியாமல் ஆடாமலிருக்கவும் பயிற்சி வேண்டும். அக்காலத்துக் கிரேக்க ஞானிகளும் இந்த மனநிறைவைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் அவர்கள் சொன்னது எவர் துணையும் தேவையில்லை என்கிற நிறைவு. சின்னப்பரோ, தம்மைத் திடப்படுத்துகிறவர் ஒருவர் இருப்பதால்தான் எல்லாம் கூடும் என்கிறார். அந்த வித்தியாசத்தைப் பிடித்துக் கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இந்தப் பாடத்தில் ஒரு வாரத்தை நாமே படித்திருக்கிறோம். 2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளை யார் மறப்பார்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி நகரத்தில் தெருத்தெருவாய்த் தண்ணீர் நின்றது. பல இடங்களில் நாட்கணக்கில் வடியவில்லை. தவணையில் வாங்கிய கட்டிலும், பீரோவும், குளிர்சாதனப் பெட்டியும் சேற்றில் ஊறின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுவிட்டது. சுற்றிலும் வெள்ளம், அதில் இருந்தவர்களுக்கு முதலில் சோறு போட்டவர்கள் அருகிலிருந்த கிராமத்தார். அவர்களுடைய வயலும் வீடும் நனைந்துதான் கிடந்தன. அந்த வாரத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர், ஒரு படி அரிசி, மாடி வீட்டுக்காரர் திறந்துவிட்ட கதவு, இவைதான் ஐசுவரியம். அப்போது நம்மில் அநேகர் சர்வேசுரனுக்கு மனதார நன்றி சொன்னோம். தண்ணீர் வடிந்தது. நன்றியும் அதோடு வடிந்து போயிற்றா என்று அவரவர் சொல்லிக் கொள்ளட்டும்.

இனி வீட்டுக் கணக்குக்கு வருவோம். ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்ளுங்கள். யாரையும் குறித்து எழுதவில்லை. தொப்பி பொருந்துகிறவர்கள் பலர் இருப்பார்கள். தகப்பன் துறைமுகத்தில் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிறான். தாய் வீட்டிலிருந்து தையல் தைக்கிறாள். மகளுக்குப் புது நன்மை. பட்டுக் கவுன், கிரீடம், போட்டோக்காரர், வீடியோக்காரர், மண்டபம், பிரியாணி. போன வருஷம் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு என்ன நடந்ததோ அதற்கு ஒரு மாற்றுக் குறையக் கூடாது. கையிலிருப்பது போதாமல், நூற்றுக்கு மூன்று வட்டிக்கு ஐம்பதாயிரம் வாங்குகிறான். மாதம் 1,500 ரூபாய் வட்டி, வருஷத்துக்கு 18,000. அசல் அப்படியே நிற்கிறது. மகள் நற்கருணை வாங்கிய நாள் ஒன்று. அதற்காக அந்த வீட்டில் சண்டை நடந்த நாட்கள் எத்தனை! பிள்ளையின் ஆத்துமத்தில் ஆண்டவர் எழுந்தருளிய திருநாளை நினைக்கும்போதெல்லாம் தகப்பனுக்கு வட்டிக்காரன் முகம் ஞாபகம் வருமானால், அந்தத் திருநாளை நாம் என்ன பாடு படுத்தியிருக்கிறோம்!

இதே கணக்கைக் கல்யாணத்துக்கும், சடங்குக்கும், பனிமய மாதா திருவிழாவுக்கு எடுக்கும் புதுத் துணிக்கும் போட்டுப் பார்க்கலாம். நான் அதற்குள் போகவில்லை.

நமது ஆண்டவர் சேசுநாதருடைய வீட்டில் இப்படி ஒரு சடங்கு நடந்தது. குழந்தை பிறந்து நாற்பதாம் நாள், மாதாவும் அர்ச். சூசையப்பரும் அவரைத் தேவாலயத்துக்குக் கொண்டு போனார்கள். மோயீசனுடைய நியாயப்பிரமாணப்படி தாயானவள் ஒரு வயது ஆட்டுக்குட்டி ஒன்றும், ஒரு புறாவும் காணிக்கை வைக்க வேண்டும். ஆட்டுக்குட்டிக்குச் சக்தியில்லாதவர்களுக்கு அந்த நியாயப்பிரமாணமே சலுகை கொடுத்திருந்தது: இரண்டு காட்டுப்புறா, அல்லது இரண்டு புறாக் குஞ்சு. லூக்காஸ் எந்தக் காணிக்கையைக் குறித்து வைத்திருக்கிறார் பாருங்கள். ஏழைகளின் காணிக்கையை!

யோசியுங்கள். தாவீது ராஜாவின் வம்சம். பிள்ளையோ உலக இரட்சகர். பெருமைக்குக் காரணம் அந்தப் பிள்ளைக்கு இல்லாமல் யாருக்கு இருந்தது? எருசலேம் தேவாலயத்தில் ஆட்டுக்குட்டியோடு வந்தவர்களும் நின்றிருப்பார்கள். அவர்கள் முன்னால் இரண்டு புறாக்களை நீட்டுவதற்குத் திருக்குடும்பம் வெட்கப்படவில்லை. சூசையப்பர் தச்சர்; கை வேலைக்காரர். தம்மால் இயன்றதைக் கொண்டு வந்தார். அது போதும் என்று சர்வேசுரனே முன்னமே சொல்லியிருந்தார். அந்தப் புறாக்களைக் கண்டு சிமையோன் முகம் திருப்பினாரா? கிழவர் பிள்ளையைக் கையில் ஏந்திக் கொண்டு, இனிச் சாவு வந்தாலும் சமாதானம் என்று பாடிவிட்டார்.

இவ்விடத்தில் நம் பங்கு மக்களாகிய எல்லோருக்கும் ஒரு வார்த்தை. கடன் வாங்குகிறவனை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. "என்ன, சாப்பாடு இவ்வளவுதானா?" என்று பந்தியில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் யார்? மொய் எழுதிவிட்டு மணப்பெண் கழுத்தை எடை போடுகிறவர்கள் யார்? இரண்டு புறாவோடு வருகிறவனைக் கேலி செய்து அவனை ஆட்டுக்குட்டிக்காக வட்டிக்கடைக்குத் துரத்துகிறவர்களும் அவனுடைய கடனில் பங்காளிகள்தான். பட்டுக் கவுன் இல்லாமல், வெளுத்த வெள்ளை உடுப்பில் ஒரு பிள்ளை புது நன்மைக்கு வந்தால், முதலில் அந்தத் தாயை அன்போடு விசாரிக்கிறவர் நீங்களாயிருங்கள்.

நமது கடற்கரைக்கு இந்தப் பாடத்தை வேறொரு விதத்திலும் சர்வேசுரன் நடத்தியிருக்கிறார். முத்துச் சலாபத்தைச் சொல்லுகிறேன். நம் முன்னோர் கல்லைக் காலில் மாட்டி, கயிற்றைப் பிடித்து, மூச்சை அடக்கிக் கடலடியில் இறங்கிச் சிப்பி வாரினார்கள். மேலே வந்தபின் சிப்பியில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. ஒரு பங்கு குளித்தவனுக்கு. அந்தச் சிப்பிகள் திறக்கப்படாமலே ஏலத்துக்கும் விலைக்கும் போகும். வாங்குகிறவனுக்கு உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதையா என்று தெரியாது. ஒருவன் ஒரே நாளில் பணக்காரன். பக்கத்திலிருந்தவன் வாங்கியதெல்லாம் நாறிப் போன ஓடு. சலாபம் எல்லா வருஷமும் நடக்கவுமில்லை. 1928-ம் ஆண்டுக்குப் பின் 1955 வரை தூத்துக்குடியில் சலாபமே இல்லை. 1955 முதல் 1961 வரை நடந்தது, அதுவே கடைசி. 1973-ல் இங்கேயே விஞ்ஞானிகள் சிப்பியில் முத்து வளர்க்கும் முறையில் வெற்றி கண்டார்கள். ஆனாலும் பழைய சலாபம் திரும்பி வரவில்லை. முத்து போயிற்று, மக்கள் இருக்கிறோம். மீனும், சங்கும், உப்பும், துறைமுகமும் நம்மைக் காப்பாற்றி வருகின்றன.

கடலில் இறங்கினவன் உழைப்பாளி. அவனைப் பற்றி எனக்கு மரியாதையே. ஆனால் திறக்காத சிப்பிக் குவியலுக்கு முன்னால் நின்று, இருப்பதையெல்லாம் வைத்து வாங்குகிற மனம் இருக்கிறதே, அது சலாபத்தோடு ஒழிந்து போகவில்லை. இப்போது அது செல்போனில் சூதாட்டமாகவும், ஆறு மாதத்தில் இரட்டிப்பாக்கித் தருகிறோம் என்கிற சீட்டுக் கம்பெனியாகவும் வருகிறது. நமது ஆண்டவரும் முத்து வியாபாரி ஒருவனைப் பற்றி உவமை சொன்னார். அவன் எல்லாவற்றையும் விற்று ஒரே முத்தை வாங்கினான். ஆனால் அவன் வாங்கினது கண்ணால் கண்ட முத்து! அதன் மதிப்பை அறிந்தே வாங்கினான். இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

"அப்படியானால் நாளைக்கு என்று ஒன்றும் சேர்க்கக் கூடாதா?" என்று ஒரு கேள்வி வரும். இது நல்ல கேள்வி. நம் ஊருக்கு ஏற்ற கேள்வியும் கூட. நமக்கு மாதச் சம்பளம் போல வருமானம் ஒரே சீராய் வருவதில்லை. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். உப்பளத்தில் அக்டோபர் மழை பிடித்தால் வருஷக் கடைசி வரை வேலை படுத்துவிடும். இதற்கு விடை யாத்திராகமம் 16-ம் அதிகாரத்தில் இருக்கிறது. வனாந்தரத்தில் மன்னா விழுந்தபோது, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கச் சொன்னார் சர்வேசுரன். பேராசையால் மறுநாளைக்கு வைத்தவர்களுடையது புழுத்து நாறிற்று. ஆனால் ஆறாம் நாளில் இரண்டத்தனை பொறுக்கச் சொன்னவரும் அவரே. ஏழாம் நாள் மன்னா விழாது. அப்படி வைத்தது புழுக்கவில்லை! பயத்தினாலும் பேராசையினாலும் குவிப்பது வேறு. வரப்போகிற வெறும் நாளுக்காகக் கீழ்ப்படிதலோடு எடுத்து வைப்பது வேறு. தடைக்காலமும் மழைக்காலமும் நமது ஏழாம் நாள். மீன் நன்றாய்ப் பட்ட வாரத்தில் எடுத்து வைக்கிற பணம் அவிசுவாசமல்ல. அந்த வாரத்தில் அதைச் சாராயக் கடையில் விட்டுவிட்டு, தடைக்காலத்தில் "கடவுள் கைவிட்டார்" என்பதுதான் அவருக்குச் செய்யும் அநியாயம்.

இன்னொரு காரியத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பாடம் விஷமாகிவிடும். போதும் என்ற மனம் என்பது ஒவ்வொருவனும் தனக்குத் தானே சொல்லிக் கொள்ள வேண்டிய பிரசங்கம். முதலாளி தொழிலாளிக்குச் சொல்லக் கூடியதல்ல. வயிறு நிறைந்தவன் பசித்தவனுக்குச் சொல்லக் கூடியதுமல்ல. உப்பளத்து வெள்ளை வெயிலில் கண் கூசக் கால் புண்ணாக நிற்கிற பெண்ணிடம், "அம்மா, ஆண்டவர் கொடுத்ததில் திருப்தியாயிரு" என்று சொல்லிக் கூலியைக் குறைப்பவனுக்கு, அறுவடைக்காரரின் பிடித்து வைக்கப்பட்ட கூலி பரலோகம் மட்டும் கூக்குரலிடுகிறது என்று எச்சரிக்கிற அர்ச். யாகப்பரின் நிருபம் 5-ம் அதிகாரத்தை வாசித்துக் காட்டுங்கள். 1891-ல் பாப்பரசர் 13-ம் சிங்கராயர் தொழிலாளரைப் பற்றி எழுதிய நிருபத்திலும், தொழிலாளியும் முதலாளியும் சம்மதித்துப் பேசிக் கொண்ட கூலியானாலும் சிக்கனமாய் வாழும் தொழிலாளியைத் தாங்கப் போதாததாயிருந்தால் அது நீதியல்ல என்று போதித்தார். 2025 மே மாதத்தில் தெரிந்தெடுக்கப்பட்ட பாப்பரசர் சிங்கராயர் என்ற பெயரையே தெரிந்து கொண்டதற்கும் அந்த நிருபம் ஒரு காரணம் என்று அவரே சொன்னார். ஆகவே நியாயமான கூலி கேட்பது பேராசை என்று யாரும் உங்களைப் பயமுறுத்த இடம் கொடாதீர்கள். கந்து வட்டிக்காரன் மிரட்டினால், அதற்கு 2003-ம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது. பொறுமை என்ற பெயரில் அவனுக்குப் பயந்து கிடப்பது புண்ணியமல்ல.

இந்த இரண்டையும், அதாவது தனக்குக் கொஞ்சம் போதும் என்பதையும், ஏழைக்கு நீதி வேண்டும் என்பதையும், சேர்த்துக் காட்டியவர் நமக்கு வெகு சமீபத்தில் நடமாடியவர். அர்ச். பிராஞ்சிஸ்கு சவேரியார் நவார் தேசத்து அரண்மனையில் பிறந்தவர். பாரீஸ் பட்டணத்தில் ஆசிரியராயிருந்தவர். பாப்பானவரின் பிரதிநிதியாய் 1541-ல் லிஸ்பன் துறையில் கப்பலேறப் போகையில், அவருடைய அந்தஸ்துக்கு ஒரு வேலைக்காரனாவது வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். தன் துணியைத் தானே துவைத்து, தன் பானையைத் தானே வைத்துக் கொள்வதுதான் அந்தஸ்து என்கிற கருத்தில் பதில் சொல்லி மறுத்துவிட்டார். 1542 அக்டோபரில் இந்த முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்து, ஊர் ஊராய் நடந்தார். மணப்பாட்டில் அவர் தங்கி ஜெபித்த குகையை நம்மில் பார்க்காதவர் குறைவு.

1544-ல் வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களைச் சூறையாடிற்று. மக்கள் கடலோரப் பாறைகளில் ஒளிந்து, பசியாலும் தாகத்தாலும் வாடினார்கள். செய்தி கேட்டதும் சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளோடு உதவிக்குப் புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. திரும்பி வந்து, பிறகு தரை வழியாய் அவர்களைப் பார்க்கப் போனார். அத்தோடு விடாமல், மற்ற ஊர்களின் பட்டங்கட்டிமாருக்கு உதவி கேட்டு எழுதினார். அப்போதும் ஒரு கட்டளையை மறக்கவில்லை: இருக்கிறவர்களிடம் வாங்குங்கள், ஏழை தானாய் மனமுவந்து கொடுத்தாலொழிய அவனைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஏழைக்காக வசூலிக்கும்போதே ஏழையைப் பிழிந்துவிடுவோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது!

இன்னுமொரு சங்கதி. அக்காலத்தில் இந்தக் கரையார் போர்த்துக்கல் ராணிக்கு ஆண்டுதோறும் 4,000 பணம் கட்டி வந்தார்கள். அதற்குப் பெயரே ராணியின் காலணிப் பணம். நம் முன்னோர் மூச்சடக்கி எடுத்த சிப்பியிலிருந்து ராணியின் செருப்புக்கு! அந்தப் பணத்தை இங்கே பிள்ளைகளுக்கு ஜெபமும் ஞானோபதேசமும் சொல்லிக் கொடுக்கும் உபதேசிமாருக்கு விட்டுக் கொடுக்கும்படி சவேரியார் ராணிக்கு எழுதினார். இந்தப் பிள்ளைகளைவிட நல்ல செருப்பு மோட்சம் போக உங்களுக்குக் கிடைக்காது என்கிற கருத்தில் எழுதினார். ராணி கத்தரீனம்மாள் சம்மதித்தாள். தமக்கென்று ஒரு ஜோடிச் செருப்புக் கேட்காத மனிதர், பிறருக்காக ராணியின் செருப்பையே கேட்டு வாங்கினார். சின்னப்பர் சொன்ன, துணையுள்ள மனநிறைவு எப்படி நடமாடும் என்று நான் முன்னே சொன்னதற்கு இதுவே சாட்சி. தன் தேவையைப் பற்றிய பயம் இறங்கிப் போனவனுக்குக் கையும் வாயும் பிறனுக்காகத் திறக்கின்றன.

இந்த வாரம் ஒரு நாள் இரவு, செபமாலை முடிந்ததும், டெலிவிஷனையும் செல்போனையும் அணைத்துவிட்டு, குடும்பத்தார் எல்லோரும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். மேலே குறித்த இரண்டு பகுதிகளையும் மூத்த பிள்ளை வாசிக்கட்டும். பிறகு வீட்டின் கடன் முழுவதையும், வட்டி இவ்வளவு, யாருக்கு என்று எழுதுங்கள். மனைவிக்குத் தெரியாமல் கணவன் வாங்கியதும், கணவனுக்குத் தெரியாமல் மனைவி மகளிர் குழுவில் எடுத்ததும் அன்றைக்கு வெளியே வரட்டும். வந்தபின் ஒருவரையொருவர் ஏசக் கூடாது. அடுத்த பக்கத்தில், வரப்போகிற விசேஷத்துக்கு நம்மால் கடனில்லாமல் வைக்கக் கூடிய இரண்டு புறா எது என்று எழுதுங்கள். பிள்ளைகளையும் கேளுங்கள்; நாம் நினைக்கிறதைவிடக் கொஞ்சத்தில் அவர்கள் சந்தோஷப்படுகிறவர்கள். கணக்குக்கு வழி தெரியாமல் திகைக்கிற குடும்பம், வட்டிக்காரனிடம் இன்னொரு தடவை போவதற்கு முன்னால், பங்கு சுவாமியாரிடம் வந்து சொல்லட்டும். பிலிப்பியர் அனுப்பினதை வாங்கிக் கொள்ளச் சின்னப்பர் வெட்கப்படவில்லை.